பட்டினிக் குதிரைக்கு ஒரு வீடு

லாரியிலிருந்து இறக்குவது ஒரு நாள் வேலை. வைத்துக் காப்பது இருபது ஆண்டு வேலை!

1956-ம் ஆண்டு பிப்ரவரி மாதம். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் நியூ ஹாலண்டு என்ற ஊரில் குதிரைச் சந்தை நடந்தது. அங்கே ஹாரி டி லேயர் என்பவர் குதிரை வாங்க வந்தார். அவர் ஹாலந்து நாட்டிலிருந்து வந்து குடியேறியவர். ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் குதிரை ஏற்றம் கற்றுக் கொடுத்து வந்தார்.

அவர் வந்து சேருவதற்குள் ஏலம் முடிந்துவிட்டது. விலை போகாத குதிரைகளை ஒரு லாரியில் ஏற்றியிருந்தார்கள். லாரி எங்கே போகிறது? கசாப்புக் கூடத்துக்கு!

அந்தக் கூட்டத்தில் சாம்பல் நிறக் குதிரை ஒன்று நின்றது. உடம்பெல்லாம் அழுக்கு. மார்பில் ஏர் இழுத்த தழும்பு. டி லேயர் 80 டாலர் கொடுத்து அதை இறக்கச் சொன்னார். வீட்டுக் குழந்தைகள் அதற்கு 'ஸ்நோமேன்' என்று பெயர் வைத்தார்கள். பனி மனிதன் என்று அர்த்தம். பிறகு அதை அவர் பக்கத்தில் வசித்த ஒருவருக்கு விற்றுவிட்டார். குதிரையோ வேலியைத் தாண்டிக் குதித்துத் திரும்பி வந்தது. மறுபடியும் கொண்டுபோய் விட்டார்கள். மறுபடியும் வந்தது! அப்போதுதான் அதன் கால்களின் வலிமை டி லேயருக்குத் தெரிந்தது. இரண்டே ஆண்டுகளில், 1958-ல், தடை தாண்டும் போட்டிகளில் அமெரிக்காவின் முதல் குதிரை என்ற பட்டம் அதற்குக் கிடைத்தது. 1959-லும் அதே பட்டம்!

கேட்க இனிப்பான கதை. ஆனால் இந்தக் கதையால் ஒரு கெடுதலும் உண்டு. குதிரையை லாரியிலிருந்து இறக்கிவிட்டால் போதும், மற்றதை அது பார்த்துக்கொள்ளும் என்று ஜனங்கள் நினைத்துவிடுகிறார்கள். இன்று அமெரிக்காவில் பட்டினிக் குதிரைகளைக் காப்பாற்றும் விடுதிகள் எத்தனையோ இருக்கின்றன. அவற்றை நடத்துகிறவர்களுக்குக் குதிரையை மீட்பது பெரிய கவலை அல்ல. மீட்ட குதிரையை யார் வீட்டுக்கு அனுப்புவது என்பதே கவலை.

பட்டினி போடுவது யார்?

அமெரிக்காவில் 60 லட்சத்துக்கு மேற்பட்ட குதிரைகள் இருக்கின்றன. அவற்றில் வண்டி இழுப்பவையும் ஏர் இழுப்பவையும் மிகக் குறைவு. பெரும்பாலானவை சவாரிக்கும் பந்தயத்துக்கும் ஆசைக்கும் வளர்ப்பவை.

ஆசை சீக்கிரம் தீர்ந்துவிடும். குதிரையோ 25, 30 ஆண்டுகள் வாழும். பெரிய குதிரை ஒன்று நாளைக்கு 8 முதல் 10 கிலோ உலர்ந்த புல் தின்னும். ஆண்டுக்கு ஏறக்குறைய 3 டன் அல்லது அதற்கு மேல்! ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒரு தடவை லாடக்காரரை அழைத்துக் குளம்பைச் செதுக்க வேண்டும். வயதாக வயதாகப் பல்லின் ஓரங்கள் கூராகிக் கன்னத்தைக் குத்தும். அதை வைத்தியர் அராவிவிட வேண்டும். இத்தனைக்கும் பணம் வேண்டும்.

குதிரையைப் பட்டினி போடுகிறவர்கள் எல்லோரும் கல்நெஞ்சக்காரர்கள் அல்ல. வேலை போனவர்கள் உண்டு. கணவனும் மனைவியும் பிரிந்துபோன குடும்பங்கள் உண்டு. நோயில் படுத்த கிழவர்கள் உண்டு. 2008-ல் பண நெருக்கடி வந்தது. 2011-ல் டெக்சாஸ் மாநிலத்தில் கடும் வறட்சி. புல் கிடைக்கவில்லை, கிடைத்த புல் யானை விலை. கொலராடோ மாநிலத்தில் மட்டும் குதிரைகளைக் கவனிக்காமல் விட்டதாகவும் கொடுமைப்படுத்தியதாகவும் வந்த விசாரணைகள் 2005-ல் 975. நான்கே ஆண்டுகளில், 2009-ல், அது 1,588 ஆகிவிட்டது.

மூடிய கதவு, நீண்ட பாதை

இதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. அமெரிக்காவில் குதிரைகளை இறைச்சிக்காக வெட்டும் கூடங்கள் மூன்று மிச்சம் இருந்தன. டெக்சாஸில் இரண்டு, இல்லினாய் மாநிலத்தில் ஒன்று. அந்த இறைச்சியை அமெரிக்கர்கள் தின்பதில்லை. வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். மிருக அபிமானிகள் பல ஆண்டு போராடினார்கள். 2007-ல் மூன்று கூடங்களும் மூடப்பட்டன. வெற்றி, வெற்றி என்று கொண்டாடினார்கள்.

ஆனால் குதிரைகள் தப்பினவா?

2011-ல் அமெரிக்க சர்க்காரின் தணிக்கை இலாகா ஓர் அறிக்கை வெளியிட்டது. 2010-ல் மட்டும் சுமார் 1 லட்சத்து 38 ஆயிரம் குதிரைகள் வெட்டுவதற்காகக் கனடாவுக்கும் மெக்சிகோவுக்கும் போயின என்று அதில் கண்டிருந்தது. கூடங்களை மூடுவதற்கு முன் உள்நாட்டிலும் வெளிநாட்டிலுமாக வெட்டுப்பட்ட எண்ணிக்கையும் ஏறக்குறைய இதேதான்! கதவை மூடியதால் பயணம் நீண்டதே தவிர, முடிவு மாறவில்லை. நோஞ்சான் குதிரைகள் லாரியில் நூற்றுக்கணக்கான மைல் நின்றுகொண்டே போயின.

பிறகு நிலைமை கொஞ்சம் மாறியது உண்மை. மெக்சிகோவின் குதிரை இறைச்சியை வாங்குவதில்லை என்று ஐரோப்பிய யூனியன் 2015-ல் நிறுத்திவிட்டது. எல்லை தாண்டும் குதிரைகளின் எண்ணிக்கை பல மடங்கு குறைந்துவிட்டது. ஆனாலும் லாரிகள் நிற்கவில்லை. சந்தையில் கசாப்புத் தரகர் இன்னும் நிற்கிறார். யாரும் கேட்காத குதிரையை அவர் கேட்கிறார்.

கூடத்தை மூடுவது சட்டத்தால் முடியும். வேண்டாத குதிரையை வேண்டும் என்று சொல்லும் ஆளைச் சட்டத்தால் உண்டாக்க முடியாது. இங்கேதான் விடுதிகளின் வேலை ஆரம்பமாகிறது.

தீனியே விஷம்!

அக்கம்பக்கத்தார் யாராவது புகார் கொடுக்கிறார்கள். ஷெரீப்பின் ஆட்கள் வருகிறார்கள். கூடவே மிருக வைத்தியரும் வருகிறார். முதலில் போட்டோ எடுக்கிறார்கள். பிறகு குதிரையின் கழுத்து, தோள், விலா, முதுகு, வால் அடி எல்லாவற்றையும் வைத்தியர் தடவிப் பார்த்து மார்க் போடுகிறார். டெக்சாஸ் ஏ அண்ட் எம் சர்வகலாசாலையில் ஹென்னெக்கே என்ற ஆராய்ச்சியாளர் 1983-ல் வகுத்த முறை இது. 1 என்றால் எலும்புக்கூடு. 9 என்றால் கொழுத்துத் தொங்குவது. 5 இருந்தால் நல்ல உடம்பு. மீட்ட குதிரைகளில் பல 1 அல்லது 2 தான் வாங்கும். கோர்ட்டில் இந்த மார்க்கும் ஒரு சாட்சி.

விடுதிக்கு வந்ததும் என்ன செய்வார்கள்? நம் ஊரில் குதிரை என்றால் கொள்ளு நினைவுக்கு வரும். அமெரிக்காவில் ஓட்ஸ் தானியம். பாவம், பட்டினி கிடந்த ஜீவன். ஒரு வாளி தானியம் போட்டால் தேறிவிடும் என்று யாருக்கும் தோன்றும்.

அப்படிப் போட்டால் குதிரை செத்தே போகலாம்!

காரணம் இதுதான். தீனி இல்லாத குதிரையின் உடம்பு முதலில் தன் கொழுப்பைத் தின்னும். கொழுப்புத் தீர்ந்ததும் தன் தசையையே தின்னும். ரத்தத்திலும் உடம்பிலும் உள்ள பாஸ்பரஸ், மெக்னீசியம், பொட்டாசியம் போன்ற உப்புகள் வற்றிப்போகும். இந்த நிலையில் திடீரென்று தானியம் உள்ளே போனால், அதன் மாவுச்சத்து சர்க்கரையாகும். சர்க்கரையைக் கண்டதும் உடம்பு இன்சுலினைச் சுரக்கும். இன்சுலின் ரத்தத்தில் மிச்சமிருக்கும் உப்புகளையும் உறிஞ்சித் தசைக்குள் தள்ளிவிடும். இதயம் தடுமாறும். மூச்சு வாங்கும். சில நாட்களுக்குள் உயிர் போய்விடலாம். இரண்டாவது உலகப் போரில் முகாம்களிலிருந்து விடுதலையான பட்டினிக் கைதிகளிலும் சிலர் இப்படித்தான் சாப்பிட்ட பிறகு இறந்தார்கள்.

கலிபோர்னியா சர்வகலாசாலையின் டேவிஸ் மிருக வைத்தியக் கல்லூரியில் இதை ஆராய்ந்தார்கள். எலும்பும் தோலுமான குதிரைகளுக்குப் பலவிதத் தீனிகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். அல்பால்பா என்ற தழைப் புல்தான் சிறந்தது என்று கண்டார்கள். நம் ஊர் விவசாயிகள் குதிரை மசால் என்று சொல்வது இதைத்தான். இதில் மாவுச்சத்து குறைவு. புரதமும் உப்புகளும் அதிகம்.

அதையும் எவ்வளவு கொடுக்கிறார்கள்? நான்கு மணிக்கு ஒரு தடவை அரை கிலோ! பகலிலும் இரவிலும் அதே கணக்கு. மூன்று நாள் இப்படி. நாலாவது நாளிலிருந்து அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, வேளைகளைக் குறைக்கிறார்கள். பத்து நாளுக்குப் பிறகுதான் வேண்டிய மட்டும் தின்ன விடுகிறார்கள். தானியம் கூடவே கூடாது. குடல் பூச்சி மருந்தும் உடனே இல்லை. குதிரைக்குக் கொஞ்சம் தெம்பு வர வேண்டும்.

இரவு இரண்டு மணிக்குக் குளிரில் எழுந்து அரை கிலோ புல்லை நிறுத்துப் போடுகிறவர்களுக்குச் சம்பளம் இல்லை. பெரும்பாலும் தொண்டர்கள். குதிரை இன்னும் வேண்டும் என்று தலையை நீட்டும். கால் தரையைத் தட்டும். கொடுக்கக்கூடாது! பசித்தவனுக்கு இல்லை என்று சொல்வதுதான் அங்கே தர்மம்.

பத்து நாளில் காது நிமிரும். கண்ணில் ஒளி வரும். சதை வைப்பது தெரிய ஒரு மாதம் ஆகும். உடம்பு சாதாரண எடைக்கு வர மூன்று முதல் ஐந்து மாதங்கள் பிடிக்கும். எல்லாக் குதிரையும் பிழைப்பதில்லை. உடம்பின் எடையில் பாதியை இழந்து, எழுந்திருக்க முடியாமல் மூன்று நாளுக்கு மேல் படுத்துவிட்டால் நம்பிக்கை மிகக் குறைவு. அப்போது வைத்தியர் ஊசி போட்டு வலியில்லாமல் அனுப்பிவிடுகிறார்.

ஆள் வேண்டும்!

உடம்பு தேறிவிட்டது. இனி?

பல வழக்குகளில் கோர்ட்டு தீர்ப்பு வரும் வரை குதிரையை யாருக்கும் கொடுக்க முடியாது. சொந்தக்காரர் கையெழுத்துப் போட்டு விட்டுக் கொடுத்தால் தேவலை. அதற்குள் குதிரைக்குப் பாடம் நடக்கும். தலைக்கயிறு மாட்ட விட வேண்டும். காலைத் தூக்கினால் உதைக்கக்கூடாது. இழுவை வண்டியில் பயப்படாமல் ஏற வேண்டும். அழகான குதிரையைவிட அடக்கமான குதிரைக்குத்தான் சீக்கிரம் வீடு கிடைக்கிறது. ஆண் குதிரையாக இருந்தால் காயடித்த பிறகுதான் வெளியே விடுகிறார்கள். இல்லாவிட்டால் வேண்டாத குட்டிகள் பிறக்கும்.

சவாரிக்கு உதவாத குதிரைகளை யாரும் கேட்பதில்லை என்பதே பெரிய சங்கடம். முழங்கால் வீங்கியவை, கண் போனவை, கிழடானவை எல்லாம் விடுதியிலேயே தங்கிவிடுகின்றன. ஓர் இடம் அடைபட்டால், புகாரில் வரும் அடுத்த குதிரைக்கு இடமில்லை. குதிரை தனியாக இருக்கப் பிடிக்காத மிருகம் என்பதால், ஒற்றைக் குதிரை வைத்திருக்கும் சிலர் துணைக்கு இப்படிப்பட்டவற்றை வாங்கிப்போகிறார்கள். அப்படிச் சில தப்புகின்றன.

பணம் கொடுத்தால் ஆள் வருமா? அமெரிக்க சர்க்காரே அதைச் செய்து பார்த்தது. மேற்கு மாநிலங்களின் பொது நிலங்களில் காட்டுக் குதிரைகள் திரிகின்றன. 1971-ல் வந்த சட்டம் அவற்றைப் பாதுகாக்கிறது. எண்ணிக்கை பெருகியதும் சர்க்கார் பிடித்து அடைக்கிறது. 2024-ல் இப்படி அடைபட்டு நின்றவை 60 ஆயிரத்துக்கு மேல்! இவற்றைத் தத்து எடுப்பவருக்குத் தலைக்கு 1,000 டாலர் தருவதாக 2019-ல் ஒரு திட்டம் கொண்டு வந்தார்கள். ஆட்கள் குவிந்தார்கள். 2021-ல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை விஷயத்தை உடைத்தது. சிலர் பணம் கைக்கு வந்ததும் குதிரைகளைக் கசாப்புத் தரகர்கள் வாங்கும் சந்தையில் விற்றுவிட்டார்கள் என்று எழுதியது. 2025 மார்ச் மாதம் கொலராடோவில் உள்ள மத்திய கோர்ட்டு, உரிய நடைமுறையைப் பின்பற்றவில்லை என்று அந்தத் திட்டத்தை ரத்து செய்தது.

தனியார் விடுதிகள் நேர்மாறாக நடக்கின்றன. அவை பணம் கொடுப்பதில்லை, வாங்குகின்றன. தத்து கேட்டு வருகிறவரின் வேலியையும் கொட்டகையையும் தண்ணீர்த் தொட்டியையும் நேரில் போய்ப் பார்க்கின்றன. அவருடைய வைத்தியரையும் லாடக்காரரையும் விசாரிக்கின்றன. பெண் கொடுப்பதற்கு முன் இவ்வளவு விசாரிப்பார்களா என்பது சந்தேகம்! பிறகு பத்திரம் எழுதுகிறார்கள். ஏலத்தில் விற்கக்கூடாது. இனப்பெருக்கம் செய்யக்கூடாது. விடுதிக்காரர் எப்போது வந்து பார்த்தாலும் தடுக்கக்கூடாது. வைத்துக்கொள்ள முடியாவிட்டால் விடுதிக்கே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

சில குதிரைகள் அப்படித் திரும்பி வரவும் செய்கின்றன. வந்ததும் மறுபடி எடை பார்த்து, பல் பார்த்து, குளம்பு செதுக்கி, அடுத்த வீட்டைத் தேடத் தொடங்குகிறார்கள்.