கப்பலேற்றப்பட்டது யார்? அகாடியர் வெளியேற்றம் குறித்த ஐந்து வாதங்களுக்கு மறுப்பு

கனடாவின் கிழக்குக் கரையில், இன்று நோவா ஸ்கோஷா எனப்படும் பகுதியில், 17ஆம் நூற்றாண்டிலிருந்து வேரூன்றி வாழ்ந்த பிரெஞ்சு மொழி உழவர்கள் அகாடியர்கள். 1713ஆம் ஆண்டின் உட்ரெக்ட் உடன்படிக்கைப்படி அவர்கள் நிலம் பிரிட்டிஷார் கைக்குப் போனது. 1755 முதல் 1763 வரை, சுமார் பத்தாயிரம் பேரை பிரிட்டிஷார் வீட்டையும் வயலையும் பறித்துக் கொண்டு கப்பலேற்றினார்கள். வந்தவாசியிலும் புதுச்சேரியிலும் நம் மண்ணில் பிரிட்டிஷாரும் பிரெஞ்சுக்காரரும் மோதிக்கொண்ட அதே ஏழாண்டுப் போரின் காலம் அது.

இந்த வெளியேற்றத்துக்கு ஒரு வழக்கமான விளக்கம் உண்டு. மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க அவர்கள் மறுத்தார்கள்; போர் நெருக்கடியில் அரசுக்கு வேறு வழியில்லை; ஆனாலும் குடும்பங்களைப் பிரிக்காமல்தான் அனுப்பினார்கள்; அந்த எளிய மக்கள் எதிர்ப்பின்றிப் போனார்கள்; லூசியானாவில் இறக்கிவிடப்பட்டு அங்கே புதுவாழ்வு கண்டார்கள். கேட்பதற்குக் கோவையாக இருக்கும் இந்த விளக்கத்தில், ஆவணங்களோடு, குறிப்பாகக் குடும்பங்களின் பதிவுகளோடு, பொருத்திப் பார்த்தால் முழுமையாகத் தேறுவது எதுவுமில்லை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் வாதம்: பிரமாணம் எடுக்க மறுத்ததால் வந்த வினை

அகாடியர்கள் பிரமாணம் எடுத்தவர்கள். 1730 வாக்கில் ஆளுநர் ரிச்சர்ட் பிலிப்ஸ் முன்னிலையில் பெரும்பாலான ஆண்கள் பிரிட்டிஷ் மன்னருக்கு விசுவாசம் தெரிவித்தார்கள். பிரான்சுக்கு எதிராகவோ பழங்குடியினருக்கு எதிராகவோ ஆயுதம் ஏந்தும்படி கட்டாயப்படுத்த மாட்டோம் என்று அவர்களுக்கு வாய்மொழியாக உறுதி தரப்பட்டது. அந்த உறுதிக்குப் பாதிரியார்கள் எழுத்துச் சான்றும் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு கால் நூற்றாண்டு, பிரிட்டிஷ் அதிகாரிகளே அவர்களை 'நடுநிலைப் பிரெஞ்சுக்காரர்கள்' என்றுதான் குறிப்பிட்டு வந்தார்கள்.

1755 ஜூலைத் தொடக்கத்தில் காலனியின் தலைநகரான ஹாலிஃபாக்ஸில் நடந்ததையும் பார்க்க வேண்டும். அகாடியப் பிரதிநிதிகளை வரவழைத்த துணைநிலை ஆளுநர் சார்லஸ் லாரன்சும் அவருடைய ஆலோசனை சபையும், விதிவிலக்கு எதுவும் இல்லாத புதுப் பிரமாணத்தை அந்த இடத்திலேயே எடுக்கச் சொன்னார்கள். ஊர் மக்களைக் கலக்காமல் முடியாது என்று பிரதிநிதிகள் தயங்கினார்கள். மறுநாள், தங்களை என்ன செய்யப் போகிறார்கள் என்பது தெரிந்ததும், பிரமாணம் எடுக்கிறோம் என்று முன்வந்தார்கள். காலம் கடந்துவிட்டது என்று சபை மறுத்து, அவர்களை ஜார்ஜஸ் தீவில் சிறை வைத்தது. கேட்டது பிரமாணம் என்றால், அது கிடைக்கும்போது ஏன் மறுக்க வேண்டும்?

ஒரு மனிதரின் வரலாறு இந்த வாதத்தை அடியோடு சாய்க்கிறது. கிராண்ட் ப்ரே ஊரின் நோட்டரி ரெனே லெபிளாங். பத்திரம் எழுதுவதும் அரசின் ஆணைகளை ஊருக்கு எடுத்துச் சொல்வதும் அவர் வேலை. பிரிட்டிஷ் நிர்வாகத்தோடு ஒத்துழைத்த காரணத்துக்காகவே 1749இல் பிரான்சின் பக்கம் நின்ற பழங்குடி வீரர்கள் அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். சில ஆண்டுகள் சிறையிருந்து திரும்பினார். விசுவாசத்துக்காகத் துன்பப்பட்ட அந்த முதியவரும் 1755இல் கப்பலேற்றப்பட்டார். விசுவாசமின்மைக்குத் தண்டனை என்றால், இவருக்கு எதற்காக?

இரண்டாம் வாதம்: போர்க்கால நிர்ப்பந்தம்

இந்த வாதத்தில் ஓரளவு உண்மை இருப்பதை மறைக்க வேண்டியதில்லை. 1755 ஜூனில் பிரெஞ்சுக்காரரின் போசெஜூர் கோட்டை பிரிட்டிஷாரிடம் விழுந்தபோது, உள்ளே ஆயுதத்தோடு நூற்றுக்கணக்கான அகாடியர்கள் இருந்தார்கள். தங்களைப் பிரெஞ்சுத் தளபதி கட்டாயப்படுத்தினார் என்றார்கள் அவர்கள். ஜோசப் ப்ரூசார் போன்ற சிலர் மனமுவந்தே பிரிட்டிஷாரை எதிர்த்தவர்கள்.

ஆனால் கோட்டை விழுந்த பிறகு அந்த அபாயம் குறைந்ததே தவிரக் கூடவில்லை. நூற்றுக்கணக்கானோர் செய்ததற்கு, கோட்டைப் பக்கமே போகாத கிராண்ட் ப்ரேயின் பாலூட்டும் தாயையும் நடக்க முடியாத கிழவரையும் தண்டிப்பது எந்த நீதி? 1755 ஆகஸ்ட் 13 அன்று லண்டனிலிருந்து அமைச்சர் தாமஸ் ராபின்சன் எழுதிய கடிதமும் அகாடியர்களிடம் மிகுந்த எச்சரிக்கையோடும் விவேகத்தோடும் நடந்துகொள்ளும்படிதான் சொன்னது. அது ஹாலிஃபாக்ஸுக்கு வந்து சேர்வதற்குள் கப்பல்கள் நிரம்பிவிட்டன. ஆனாலும் லண்டன் லாரன்சைக் கண்டிக்கவில்லை. அடுத்த ஆண்டே முழு ஆளுநராகப் பதவி உயர்த்தியது. ஆகவே பழி ஹாலிஃபாக்ஸோடு முடிவதில்லை, லண்டனுக்கும் அதில் பங்குண்டு.

போர்தான் காரணம் என்றால் போர் முடிந்ததும் கதை மாறியிருக்க வேண்டும். 1763இல் பாரிஸ் உடன்படிக்கை கையெழுத்தானது. 1764இல் அகாடியர்கள் திரும்பி வந்து குடியேற அனுமதி கிடைத்தது. ஆனால் சொந்த ஊருக்கு அல்ல, சிறுசிறு கூட்டங்களாகச் சிதறியே இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. அவர்களுடைய வயல்களில் 1760 முதலே நியூ இங்கிலாந்துக் குடியேறிகள் வந்து அமர்ந்திருந்தார்கள்.

அந்த வயல் எப்படிப்பட்டது என்பதையும் அறிய வேண்டும். உலகிலேயே மிக உயரமாகக் கடல் ஏறி இறங்கும் இடம் ஃபண்டி விரிகுடா. அங்கே கடலோரச் சதுப்பைச் சுற்றி அகாடியர்கள் மண்கரை எழுப்பினார்கள். கரைக்கு அடியில் ஒரு மரமதகு. அதனுள்ளே தொங்கும் ஒரு பலகை. கடல் இறங்கும்போது வயலின் மழைநீர் பலகையைத் தள்ளிக்கொண்டு வெளியே போகும். கடல் ஏறும்போது உப்புநீரே பலகையை அழுத்தி வழியை அடைத்துவிடும். இரண்டு மூன்று ஆண்டு மழையில் உப்பு கழிந்து, உவர்நிலம் விளைநிலமாகும். ஒரு தனி வீட்டால் ஆகிற காரியம் அல்ல இது. அண்ணன் தம்பி, மாமன் மச்சான் என்று உறவுமுறை முழுவதும் திரண்டு செய்கிற வேலை. 1759 நவம்பரில் ஒரு பெரும்புயல் கரைகளை உடைத்தது. புதுக்குடியேறிகளுக்கு அதைச் செப்பனிடத் தெரியவில்லை. சிறையிலிருந்த அகாடியர்களையே அழைத்து வந்து, அவர்களிடமிருந்தே பறிக்கப்பட்ட நிலத்தின் கரையைக் கூலிக்குக் கட்டச் சொன்னார்கள். அருகில் வைத்திருக்கவே முடியாத எதிரிகளை யாராவது மண்வெட்டியோடு நடமாட விடுவார்களா?

மூன்றாம் வாதம்: குடும்பங்கள் பிரிக்கப்படவில்லை

1755 செப்டம்பர் 5 அன்று கிராண்ட் ப்ரே தேவாலயத்துக்கு 418 ஆண்களையும் சிறுவர்களையும் வரவழைத்து அடைத்து வைத்த கர்னல் ஜான் வின்ஸ்லோ, குடும்பங்கள் ஒரே கப்பலில் போகும் என்று வாக்களித்தது உண்மை. இந்த வாதத்துக்கு ஆதாரம் அந்த வாக்கு ஒன்றுதான்.

ஐந்தே நாளில் நடந்ததை வின்ஸ்லோவின் நாட்குறிப்பே சொல்கிறது. செப்டம்பர் 10 அன்று, மணமாகாத இளைஞர்கள் 141 பேரை முதலில் கப்பலுக்கு நடக்கச் சொன்னார். தகப்பன்மார் இல்லாமல் போக மாட்டோம் என்று அவர்கள் நின்றார்கள். துப்பாக்கி முனையில் ஈட்டி பொருத்திய சிப்பாய்களை முன்னேறச் சொல்லி, ஓர் இளைஞனைத் தானே பிடித்துத் தள்ளினார் வின்ஸ்லோ. வழிநெடுகப் பெண்களும் பிள்ளைகளும் நின்று அழுதார்கள், ஜெபித்தார்கள். வேறொரு பகுதிக்குப் பொறுப்பான மாங்க்டனுக்கு லாரன்ஸ் எழுதியதோ இன்னும் வெளிப்படை: மனைவி மக்கள் வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டாம், ஆண்களை மட்டும் அனுப்பிவிடுங்கள் என்பது அதன் சாரம்.

ஒரு கப்பலில் கணவன், மனைவி, கைக்குழந்தை சேர்ந்து போனாலும் குடும்பம் பிரியவில்லை என்று சொல்ல முடியுமா? நோட்டரி லெபிளாங்குக்கு இருபது பிள்ளைகள், சுமார் 150 பேரப்பிள்ளைகள் என்று பிலடெல்ஃபியாவிலிருந்த அகாடியர்கள் மன்னருக்கு எழுதிய மனு சொல்கிறது. அத்தனை பேரும் வெவ்வேறு காலனிகளுக்குச் சிதறடிக்கப்பட்டார்கள். மனைவியோடும் கடைசிப் பிள்ளைகள் இருவரோடும் அவர் நியூயார்க்கில் இறக்கிவிடப்பட்டார். பிலடெல்ஃபியாவில் இன்னும் மூன்று பிள்ளைகளைத் தேடிக் கண்டுபிடித்து, அங்கேயே இறந்துபோனார். மற்றப் பிள்ளைகளின் முகத்தை அவர் மறுபடி பார்க்கவில்லை.

தரையிறங்கிய பிறகும் பிரிவு ஓயவில்லை. மாசச்சூசெட்ஸில் அகாடியப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து எடுத்துப் பிறர் வீடுகளில் வேலைக்கு விட்டார்கள். பிள்ளைகளைப் பறிகொடுப்பது நாட்டை இழந்ததைவிடக் கொடியது என்று தகப்பன்மார் மனுப் போட்டார்கள். வர்ஜீனியா அவர்களை ஏற்க மறுத்து, ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை இங்கிலாந்துக்குத் தள்ளிவிட்டது. அங்கே துறைமுக ஊர்களில் அடைபட்டுக் கிடந்தவர்களில் ஏராளமானோரைப் பெரியம்மை கொண்டுபோனது. ஓரிடத்தில் விட்டால் மறுபடி ஒன்றுகூடிவிடுவார்கள் என்பதற்காகவே பல காலனிகளுக்குப் பிரித்து அனுப்பினார்கள். கூட்டுறவை உடைப்பது இத்திட்டத்தின் பக்கவிளைவு அல்ல, அதன் நோக்கமே அதுதான்.

நான்காம் வாதம்: எதிர்க்காமல் போனார்கள்

1847இல் வெளிவந்த லாங்ஃபெலோவின் 'எவாஞ்சலின்' என்ற நெடுங்கவிதை, சோகத்தைச் சுமந்து பொறுமையாக நடக்கும் அகாடியரை உலகத்துக்கு அறிமுகப்படுத்தியது. எவாஞ்சலின் கற்பனைப் பாத்திரம். அந்தப் பொறுமையிலும் பாதி கற்பனையே.

1755 டிசம்பரில் வட கரோலினாவை நோக்கிப் புறப்பட்ட 'பெம்ப்ரோக்' கப்பலில் சுமார் 230 அகாடியர்கள் இருந்தார்கள். சார்லஸ் பெலிவோ தலைமையில் மாலுமிகளை மடக்கி, கப்பலைத் திருப்பி, செயின்ட் ஜான் ஆற்றுக்குக் கொண்டுபோய்த் தப்பினார்கள். லாரன்ஸ் கோட்டையில் அடைபட்டவர்களில் எண்பதுக்கும் மேற்பட்டோர் சுரங்கம் தோண்டி வெளியேறினார்கள். ஜோசப் ப்ரூசார் மிக்மாக் பழங்குடியினரோடு சேர்ந்து ஆண்டுக்கணக்கில் காட்டுப்போர் நடத்தினார். பட்டினிதான் கடைசியில் அவரைப் பணிய வைத்தது. ஆயுதம் எடுக்காதவர்கள் மனு எழுதினார்கள், கிடைத்த படகில் ஏறித் தெற்கிலிருந்து வடக்கே கரையோரமாகத் திரும்பினார்கள்.

ஐந்தாம் வாதம்: லூசியானாவுக்கு அனுப்பப்பட்டார்கள்

ஒரேயொரு பிரிட்டிஷ் கப்பல்கூட அகாடியர்களை லூசியானாவுக்கு நாடுகடத்தவில்லை. அங்கே போனவர்கள் எல்லோரும் பின்னாளில் தாமாகப் போனவர்கள். 1764இன் இறுதியில் ப்ரூசார் சுமார் 200 பேரோடு ஹாலிஃபாக்ஸிலிருந்து புறப்பட்டு, கரீபியனின் செயின்ட் டொமிங் வழியாக, 1765 பிப்ரவரியில் நியூ ஆர்லியன்ஸை அடைந்தார். ஏப்ரலில் அவரும் தோழர்களும் மாடு வளர்க்க ஒரு நிலக்கிழாரோடு பங்குக்கு ஒப்பந்தம் போட்டார்கள். அந்தக் கோடையில் கொள்ளைநோய் பரவியது. அண்ணன் அலெக்சாந்தர் செப்டம்பரில் இறந்தார். ஜோசப் அக்டோபரில் இறந்தார். புதுவாழ்வு என்று எளிதாகச் சொல்லப்படுவதன் முதல் ஆண்டு இப்படித்தான் கழிந்தது.

பிரான்சில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நிலமின்றி அலைக்கழிந்த மற்றொரு பிரிவினர், ஏறத்தாழ 1,600 பேர், 1785இல் ஸ்பெயின் மன்னரின் செலவில் ஏழு கப்பல்களில் லூசியானா வந்தார்கள். இதற்காக அவர்களிடையே ஆள் திரட்டியவர் நாந்த் நகரில் செருப்புத் தைத்துப் பிழைத்த ஒலிவியே தெரியோ என்ற அகாடியர். கடல் கடந்து பிரிந்துபோன சொந்தங்கள் இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேர்வது அவர்களுடைய பெரிய ஆசைகளில் ஒன்று.

ஐந்து வாதங்களும் ஒரே இடத்தில் தவறுகின்றன. அவை அகாடியர்களைத் தனித்தனித் தலைகளாக எண்ணுகின்றன. அவர்களோ தங்களைக் குடும்பமாக எண்ணினார்கள். அதற்குச் சான்று அவர்களே விட்டுச்சென்ற ஆவணங்கள். கிராண்ட் ப்ரேயின் திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகளை நாடுகடத்தப்பட்டவர்கள் கையோடு எடுத்துக்கொண்டு மேரிலாந்து போய், அங்கிருந்து லூசியானாவின் செயின்ட் கேப்ரியலுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். பிரான்சின் பெல்-ஈல் தீவில் குடியேறிய 78 குடும்பங்களின் தலைவர்கள், 1767இல் சத்தியம் செய்து, பாட்டன் பூட்டன் பெயர்களையும், யார் யாரை மணந்தார், எந்தச் சகோதரி எந்தக் காலனியில் கிடக்கிறாள் என்பதையும் ஒவ்வொருவராகச் சொல்லிப் பதிய வைத்தார்கள்.

2003 டிசம்பரில் கனடா, முடியரசின் பெயரால் ஒரு பிரகடனம் வெளியிட்டு, வெளியேற்றத்தால் அகாடியர் அடைந்த துன்பத்தை ஒப்புக்கொண்டது. ஜூலை 28ஐ நினைவு நாளாக அறிவித்தது. 1755இல் லாரன்சின் சபை இறுதி முடிவெடுத்த நாள் அது. அரசே ஒப்புக்கொண்ட பிறகும் பழைய விளக்கத்தைத் தொடர்ந்து எழுதுவது சோம்பல் மட்டுமல்ல, அநீதியும்கூட. இனி இந்த வரலாற்றை எழுதுபவர்கள் இப்படித் தொடங்கட்டும்: ஒரு சமூகத்தின் உறவுகளைத் திட்டமிட்டுச் சிதறடித்து அதை அழிக்க முயன்றார்கள், அந்த உறவுகளைத் தேடிப் பிடித்துக் கோத்தே அந்தச் சமூகம் பிழைத்தது.