கட்டளையை மீறினார், கார் வீரர்! அதற்கு இவ்வளவு கூச்சலா?

ஒருவர் ஒரு தவறு செய்கிறார். அதற்காக அவர் மீது எவ்வளவு கோபப்படலாம்? எத்தனை நாள் கோபப்படலாம்?

இந்த அளவு தெரியாவிட்டால், தவறு செய்தவரை விடக் கோபப்பட்டவர்தான் பெரிய தவறு செய்தவர் ஆகி விடுவார்.

இதற்கு நல்ல உதாரணம், மலேசியாவில் நடந்த ஒரு கார் பந்தயம்.

மலேசியா நமக்குப் புது ஊர் அல்ல. திருச்சியில் விமானம் ஏறினால், சுமார் 4 மணி நேரத்தில் கோலாலம்பூரில் இறங்கி விடலாம். "அண்ணன் மலேசியாவில் இருக்கிறார்", "அத்தை மகன் கோலாலம்பூரில் வேலை பார்க்கிறான்" என்று சொல்லுகிறவர்கள் திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் நிறைய உண்டு.

அந்த விமான நிலையத்துக்குப் பக்கத்தில் செப்பாங் என்ற இடம் இருக்கிறது. அங்கு பெரிய கார் பந்தயச் சாலை உண்டு. ஒரு சுற்று சுற்றினால் ஐந்தரை கிலோ மீட்டர். 1999-ம் ஆண்டு முதல் 2017-ம் ஆண்டு வரை, "பார்முலா ஒன்" என்ற உலகப் பந்தயம் அங்கு நடந்தது.

என்ன நடந்தது?

2013-ம் ஆண்டு மார்ச் மாதம் 24-ந் தேதி. அன்று 56 சுற்றுப் பந்தயம்.

"ரெட் புல்" என்ற அணிக்கு இரண்டு கார்கள். ஒன்றை ஓட்டியவர் செபாஸ்டியன் வெட்டல். ஜெர்மனியைச் சேர்ந்தவர். அப்போது வயது 25. அதற்குள் 3 முறை உலகப் பட்டம் பெற்று விட்டார். அவருடைய கார் 1-ம் நம்பர்.

இன்னொரு காரை ஓட்டியவர் மார்க் வெப்பர். ஆஸ்திரேலியாக்காரர். வயது 36. அவருடைய கார் 2-ம் நம்பர்.

பந்தயம் முடியும் நேரம் நெருங்கியது. வெப்பர் முதலில் போனார். வெட்டல் அடுத்துப் போனார். வேறு அணியின் கார் பின்னால்தான் வந்தது.

அப்போது அணித் தலைமையிடம் இருந்து ரேடியோவில் ஒரு கட்டளை வந்தது. "மல்டி 21!"

இது ரகசியச் சொல். "2-ம் நம்பர் கார் முதலில், 1-ம் நம்பர் கார் அதற்குப் பின்னால். இதே வரிசையில் பந்தயத்தை முடியுங்கள்" என்று பொருள்.

வெப்பர் அதை நம்பினார். என்ஜினின் வேகத்தைக் குறைத்துக் கொண்டார்.

வெட்டல் கேட்கவில்லை. 46-வது சுற்றில், இரண்டு கார்களும் உரசிக் கொள்ளுமோ என்று பயப்படும்படி நெருங்கிச் சென்று, வெப்பரை முந்தினார். முதல் பரிசும் பெற்றார்.

கட்டளை எதற்கு?

"பந்தயம் என்றால் முந்துவதுதானே? முந்தாதே என்று ஒரு கட்டளையா?" என்று கேட்கத் தோன்றும்.

ஸ்ரீரங்கத்தில் சித்திரைத் தேர் ஓடுவதைப் பார்த்து இருப்பீர்கள். வடம் பிடிப்பவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள். "நிறுத்து" என்று சைகை வந்தால், எல்லோரும் நிறுத்தத்தான் வேண்டும். "எனக்கு இன்னும் பலம் இருக்கிறது; நான் இழுப்பேன்" என்று ஒருவர் இழுத்தால் என்ன ஆகும்? தேர் கோணிக் கொள்ளும்.

கார் பந்தயமும் அப்படித்தான். ஓட்டுகிறவர் ஒருவர். ஆனால் அவருக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் இருக்கிறார்கள். ஒரே அணியின் இரண்டு கார்கள் மோதினால், எல்லோருடைய உழைப்பும் வீண்.

அப்படி நடந்தும் இருக்கிறது. 2010-ம் ஆண்டு துருக்கியில் நடந்த பந்தயத்தில், இதே வெட்டலும் வெப்பரும் முதல் இரண்டு இடங்களில் போனபோது மோதிக் கொண்டார்கள். வெட்டலின் கார் அங்கேயே நின்று விட்டது. வெப்பருக்கு மூன்றாவது இடம்தான் கிடைத்தது. வேறு அணி வென்றது.

ஆகவே, மலேசியாவில் வந்த கட்டளை நியாயமானது. அதை வெட்டல் மீறியது தவறு. கூட இருப்பவர் நம்பி வேகத்தைக் குறைத்த நேரத்தில் முந்தியது, அதை விடத் தவறு. இதில் சந்தேகம் இல்லை.

ஆனால், எவ்வளவு பெரிய தவறு?

முதல் பரிசுக்கு 25 புள்ளி. இரண்டாம் பரிசுக்கு 18 புள்ளி. யார் முதலில் வந்தாலும் அணிக்குக் கிடைப்பது 43 புள்ளிதான். அணிக்கு நஷ்டம் இல்லை. யாருக்கும் காயம் இல்லை. நஷ்டம் அடைந்தவர் வெப்பர் ஒருவரே. அவருக்கு 7 புள்ளி போயிற்று. ஒரு வெற்றியும் போயிற்று.

கூச்சல்! கூச்சல்!

அன்றே வெட்டல் மன்னிப்புக் கேட்டார். மூன்று வாரம் கழித்து, சீனாவுக்குப் போன இடத்தில் பேச்சை மாற்றினார். மறுபடியும் அப்படி ஒரு நிலைமை வந்தால் அநேகமாக அதையே செய்வேன் என்ற பொருள்படப் பேசினார். கோபம் இன்னும் கிளம்பியது.

உலகம் முழுவதும் அவரைத் திட்டினார்கள். "அவரை ஒரு பந்தயத்துக்குச் சேர்க்கக் கூடாது" என்று கூடச் சிலர் சொன்னார்கள்.

அதோடு நிற்கவில்லை. அந்த ஆண்டு அவர் வென்று மேடை ஏறிய பல இடங்களில் இந்தக் கோபம் தொடர்ந்தது. கனடாவில் கூச்சல். பெல்ஜியத்தில் கூச்சல். இத்தாலியில் கூச்சல். செப்டம்பர் மாதம் சிங்கப்பூரிலும் கூச்சல்! பரிசு வாங்கும் மனிதரை, ஆயிரக்கணக்கானவர்கள் "ஊ, ஊ" என்று கத்தி அவமானப்படுத்தினார்கள்.

அவர் ஓயாமல் வென்றதும் பலருக்கு எரிச்சலாக இருந்தது. அந்த எரிச்சலுக்கு மலேசியச் சம்பவம் ஒரு சாக்காகக் கிடைத்தது.

மார்ச் மாதம் நடந்த தவறு. அதற்குச் செப்டம்பர் மாதத்திலும் தண்டனை!

உண்மையைச் சொன்னால், வெட்டல் மீது கோபப்பட நமக்கு வேறு காரணம் உண்டு. 2012-ம் ஆண்டு, அதே செப்பாங் பந்தயத்தில், அவருடைய காரும் நம் கோவை வீரர் நரேன் கார்த்திகேயனின் காரும் உரசிக் கொண்டன. வெட்டலின் டயர் கிழிந்தது. ஆத்திரத்தில் நரேனை "முட்டாள்" என்று ஏசினார். இந்தியாவின் முதல் பார்முலா ஒன் வீரரை இப்படி ஏசலாமா என்று நமக்கு வருத்தம்தான். ஆகவே, அவருக்கு வக்காலத்து வாங்க இதை எழுதவில்லை.

மலேசியா விஷயத்தில் கூச்சல் போட்டவர்களின் நியாயத்தைத்தான் கேட்கிறோம்.

கீழ்ப்படிந்தாலும் கூச்சல்!

2002-ம் ஆண்டு ஆஸ்திரியா நாட்டில் ஒரு பந்தயம். பெராரி அணியின் வீரர் பாரிக்கெல்லோ முதலில் போனார். "உன் கூட்டாளி ஷூமேக்கருக்கு வழி விடு" என்று அணி கட்டளை இட்டது. அவர் மனம் கசந்து, முடியும் இடத்துக்குச் சற்று முன்னால் வழி விட்டார்.

ஜனங்கள் என்ன செய்தார்கள்? "ஊ, ஊ" என்று கூச்சல் போட்டார்கள்! "இது பந்தயமா? ஏமாற்றா?" என்று சீறினார்கள். அந்த எதிர்ப்பால், இப்படிப்பட்ட கட்டளைகளையே தடை செய்தார்கள். 2011-ம் ஆண்டில்தான் அந்தத் தடை நீங்கியது.

அந்த 2011-ம் ஆண்டிலேயே, இங்கிலாந்தில் நடந்த பந்தயத்தில், "வெட்டலை முந்தாதே" என்று வெப்பருக்குக் கட்டளை வந்தது. அவர் அதைக் கேட்கவில்லை. முந்தப் பார்த்தார், முடியவில்லை. "கட்டளையை நான் பொருட்படுத்தவில்லை" என்று பிறகு வெளிப்படையாகவே சொன்னார். அவரை யாரும் நாடு நாடாகத் துரத்திக் கூச்சல் போடவில்லை.

இன்னும் ஒன்று. மலேசியாவில் அதே நாளில், வேறு ஓர் அணியின் வீரர் ரோஸ்பெர்க், முன்னால் போன ஹாமில்டனை முந்த அனுமதி கேட்டார். "வேண்டாம்" என்று கட்டளை வந்தது. கீழ்ப்படிந்து, நான்காவதாக வந்தார். கீழ்ப்படிவதுதான் பெரிது என்றால், அவருக்கு அல்லவா ஆண்டு முழுவதும் மாலை போட்டு இருக்க வேண்டும்? போடவில்லையே!

ஆக, கட்டளைக்குக் கீழ்ப்படிந்தாலும் கூச்சல், மீறினாலும் கூச்சல். பிடித்தவர் மீறினால் வீரம். பிடிக்காதவர் மீறினால் துரோகம். இதற்குப் பெயர் நியாயம் அல்ல.

ஸ்ரீரங்கம் காட்டும் வழி

கட்டளையை மீறிய ஒருவரைக் கையெடுத்துக் கும்பிடுகிறவர்கள் நாம்.

ஸ்ரீரங்கத்தில் வாழ்ந்த ராமானுஜர், மந்திரப் பொருளைக் கற்றுக் கொள்ளத் திருக்கோஷ்டியூர் நம்பியிடம் 18 முறை நடந்தார் என்று வைணவப் பெரியோர் சொல்லுவார்கள். "இதை யாரிடமும் சொல்லாதே. சொன்னால் நரகம்" என்றார், குரு. ராமானுஜரோ கோவில் கோபுரத்தில் ஏறி, எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லி விட்டார்.

வெட்டலை ராமானுஜரோடு ஒப்பிடவில்லை. ராமானுஜர் ஊர் வாழ மீறினார். வெட்டல் தாம் வெல்ல மீறினார். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

நாம் பார்க்க வேண்டியது, குரு நடந்து கொண்ட முறையை. அவருக்கும் கோபம் வந்தது. ஆனால், "ஏன் இப்படிச் செய்தாய்?" என்று சீடனைக் கூப்பிட்டுக் கேட்டார். பதிலைக் காது கொடுத்துக் கேட்டார். அதன் பிறகு கட்டித் தழுவிக் கொண்டார். கட்டளை இட்டவர் அவர். கணக்குக் கேட்டவரும் அவர்தான்.

பொன்மலை ரெயில்வே பட்டறையிலோ, திருவெறும்பூர் 'பெல்' தொழிற்சாலையிலோ, ஒரு தொழிலாளி மேலதிகாரியின் கட்டளையை மீறி விட்டால் என்ன நடக்கும்? விளக்கம் கேட்பார்கள். தவறு என்றால் தண்டனை கொடுப்பார்கள். அதோடு முடிந்தது. திருச்சி ஜனங்கள் எல்லோரும் பட்டறை வாசலில் கூடி, ஆறு மாதம் அவரைப் பார்த்துக் கத்துவார்களா?

பிறகு என்ன ஆயிற்று?

அதே ஆண்டு அக்டோபர் மாதம் 27-ந் தேதி, டில்லிக்குப் பக்கத்தில் கிரேட்டர் நொய்டாவில் நடந்த இந்தியப் பந்தயத்தில் வெட்டல் வென்றார். நான்காவது உலகப் பட்டமும் கிடைத்தது. காரை ரசிகர்களுக்கு முன்னால் வட்டம் அடித்து நிறுத்தி, இறங்கி, காரை வணங்கினார். நம் ஜனங்கள் கூச்சல் போடவில்லை. கை தட்டினார்கள். அதை நினைத்துப் பெருமைப்படலாம்.

இத்தாலி ரசிகர்கள்? 2015-ம் ஆண்டில் வெட்டல் அவர்களுடைய பெராரி அணியில் சேர்ந்தார். அவரைத் திட்டிய அதே இத்தாலிக்காரர்கள், அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டார்கள்! 2022-ம் ஆண்டு அவர் ஓய்வு பெற்றபோது, உலகமே வாழ்த்தி அனுப்பியது.

அப்படியானால், 2013-ல் போட்ட கூச்சலுக்கு என்ன பொருள்? அதில் ஒரு மனிதரின் மனம் புண்பட்டது. அதைத் தவிர வேறு பலன் இல்லை. வெப்பர் இழந்த வெற்றி கூடத் திரும்பி வரவில்லை.

நம் வீட்டில்...

இது கார் பந்தயக் கதை மட்டும் அல்ல. நம் வீட்டுக் கதையும்தான்.

மகன், அப்பா சொன்ன படிப்பை விட்டு வேறு படிப்பில் சேர்ந்து விடுகிறான். அப்பாவுக்குக் கோபம் வரும். அது நியாயம். ஆனால், பெரியப்பாவும் சித்தப்பாவும் பக்கத்து வீட்டுக்காரரும் சேர்ந்து கொண்டு, கல்யாணத்திலும் காதுகுத்திலும், "அப்பன் பேச்சைக் கேட்காத பிள்ளை இவன்தானே?" என்று வருடக் கணக்கில் குத்துகிறார்கள். அவர்களுக்கு அதில் என்ன நஷ்டம்?

இப்போது கூச்சல் போட மைதானத்துக்குப் போக வேண்டியது இல்லை. கையில் செல்போன் இருக்கிறது. சத்திரம் பஸ் நிலையத்தில் ஒரு டிரைவருக்கும் பயணிக்கும் வாய்த்தகராறு வந்தால், யாரோ படம் எடுத்து அனுப்பி விடுகிறார்கள். அந்தப் பஸ் காவிரிப் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கம் போய்ச் சேருவதற்குள், முகம் தெரியாத ஆயிரம் பேர் தீர்ப்புக் கூறி விடுகிறார்கள். அந்த டிரைவருக்கும் வீடு உண்டு. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் உண்டு. தகராறு கால் மணி நேரத்தில் தீர்ந்து விடும். படம் தீராது.

கோபமே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. தவறைத் தவறு என்று சொல்லத்தான் வேண்டும். ஆனால் வாய் திறக்கும் முன், இரண்டு கேள்விகளை நமக்கு நாமே கேட்டுக் கொள்ளலாம்.

"இதனால் நஷ்டப்பட்டவர் யார்? நானா?"

"இதே காரியத்தை எனக்குப் பிடித்தவர் செய்து இருந்தால், நான் என்ன சொல்லி இருப்பேன்?"

நியாயமான பதில் கிடைத்தால் பேசுங்கள். கிடைக்காவிட்டால், செல்போனைக் கீழே வைத்து விடுங்கள். பிள்ளைகள் நம்மைப் பார்த்துக் கொண்டு இருக்கிறார்கள். நாம் எதற்கு, எவ்வளவு கோபப்படுகிறோமோ, அதைத்தான் அவர்களும் கற்றுக் கொள்வார்கள்.