40 ரூபாய் டிக்கெட் டெல்லிக்கு... காலி கப் யாருக்கு? மாமல்லபுரம் குப்பையின் கணக்கு!

ஞாயிற்றுக்கிழமை. வெயில் ஏறுறதுக்கு முன்னாடியே பைக்கை எடுத்துக்கிட்டு ஈ.சி.ஆர்ல கிளம்பிட்டீங்க. மாமல்லபுரத்துல கடற்கரைக் கோயில் பார்த்தாச்சு. வெண்ணெய் உருண்டைப் பாறையைக் கையால தாங்குற மாதிரி போட்டோ எடுத்தாச்சு. பீச்ல மீன் வறுவல் சாப்பிட்டு, மேல ஒரு டீயும் குடிச்சாச்சு.

இப்போ கையில ஒரு எண்ணெய்த் தாள், ஒரு காலி கப். சுத்திமுத்திப் பார்க்குறீங்க. குப்பைத்தொட்டி எதுவும் கண்ணுல படலை. பக்கத்துல ஏற்கெனவே ஒரு குட்டிக் குவியல் இருக்கு. அது மேல மெதுவா வெச்சுட்டு நகர்ந்துடுறீங்க.

திட்டுறதுக்காகச் சொல்லலைங்க. நம்மில் முக்கால்வாசிப் பேர் ஒரு தடவையாவது இதைச் செஞ்சிருப்போம். ஆனா, அந்த கப் உங்க கையை விட்டுப் போன அந்த நொடியில் இருந்து அது யாரோட பொறுப்பு? அதை அள்ள வேண்டியது யார்? அதுக்குக் காசு எங்கேயிருந்து வருது? இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடிப் போனா, நம்ம ஊர் நிர்வாகம் எப்படி இயங்குதுன்னு மொத்தமா புரிஞ்சுடும்.

தலைவர்கள் வந்தா மட்டும் பளபளப்பு ஏன்?

2019 அக்டோபர் ஞாபகம் இருக்கா? பிரதமர் மோடியும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் அக்டோபர் 11, 12 தேதிகளில் மாமல்லபுரத்தில் சந்தித்தார்கள். அதற்கு முன்பே சாலை, விளக்கு, சுவர் என ஊரே புதுசாகிவிட்டது. 12-ம் தேதி காலையில் மோடி கடற்கரையில் அரை மணி நேரத்துக்கும் மேல் நடந்துகொண்டே குப்பை பொறுக்கிய வீடியோ, அன்றைக்கு எல்லோருடைய போனுக்கும் வந்து சேர்ந்தது.

தலைவர்கள் கிளம்பினார்கள். ஊரைப் பார்க்க மக்கள் கூட்டம் வந்தது. கூடவே குப்பையும் வந்தது. 2022 ஜூலை, ஆகஸ்ட்டில் 44-வது செஸ் ஒலிம்பியாட் இங்கே நடந்தபோதும் ஊருக்கு இப்படி ஒரு மேக்கப் போடப்பட்டது.

இதிலிருந்து ஒரு விஷயம் தெளிவாத் தெரியுது. மாமல்லபுரத்தைச் சுத்தமா வெச்சிருக்க முடியும். ஆள், வண்டி, பணம், அதிகாரிகளின் கவனம் எல்லாம் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் வந்தால் நடக்கும். ஆனால் அது விசேஷத்துக்கு வெள்ளையடிக்கிற வேலை. தினமும் வாசல் பெருக்குற வேலை வேற. சட்டம் உள்ளாட்சியிடம் கேட்பது இந்த ரெண்டாவது வேலையைத்தான்.

ஒரே ஊர், எத்தனை ஓனர்?

மாமல்லபுரத்துல ஒரு கிலோமீட்டர் நடந்தீங்கன்னா, உங்களுக்கே தெரியாம நாலஞ்சு நிர்வாகங்களைத் தாண்டிடுவீங்க. கடற்கரைக் கோயில், ஐந்து ரதம், அர்ச்சுனன் தபசு ஆகியவற்றின் வேலிக்குள்ளே இந்தியத் தொல்லியல் துறை. அது மத்திய அரசு. வேலிக்கு வெளியே தெரு, பேருந்து நிலையம், கடைவீதி எல்லாம் உள்ளாட்சி. தலசயனப் பெருமாள் கோயில் இந்து சமய அறநிலையத் துறை. ஊருக்கு வெளியே ஈ.சி.ஆர். போனால் நெடுஞ்சாலையைப் பார்ப்பவர்கள் வேறு. கடற்கரை மணலில் வருவாய்த் துறை, சுற்றுலாத் துறை, கடலோர ஒழுங்குமுறை விதிகள் எல்லாம் சேர்ந்து வரும். அதே மணலில்தான் மீனவர்களின் படகும் வலையும் இருக்கின்றன.

காத்து அடிச்சா கப் வேலி தாண்டும். பொறுப்பு தாண்டாது. அதனால்தான் கோயில் வளாகத்துக்குள்ளே புல்வெளி பச்சையா இருக்கும்போதே, வேலிக்கு வெளியே அஞ்சடி தூரத்துல பிளாஸ்டிக் கிடக்குது.

இதில் பணக் கணக்கைப் பாருங்க. கடற்கரைக் கோயிலுக்குள் போக நீங்க எடுக்கிற 40 ரூபாய் டிக்கெட், மத்திய அரசுக்குப் போகுது. 2019 சந்திப்புக்குப் பிறகு வெண்ணெய் உருண்டைப் பாறைக்கும் டிக்கெட் வந்தது. அந்தப் பணமும் அங்கேதான். ஆனா, நீங்க வெளியே போட்டுட்டுப் போற கப் நேரா உள்ளாட்சியோட கணக்குல ஏறுது.

15 ஆயிரம் பேருக்கான ஊர்

2011 கணக்கெடுப்பின்படி மாமல்லபுரத்தின் மக்கள்தொகை 15,172. இன்னொரு பக்கம், 2021-22-ல் இங்குள்ள நினைவுச் சின்னங்களுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் மட்டும் சுமார் 1.45 லட்சம். அந்த ஆண்டு தாஜ்மஹாலையே முந்தியது மாமல்லபுரம். அதாவது ஊர் மக்களைப் போல ஒன்பது மடங்குக்கும் மேல். அதுவும் கொரோனா முழுசா விலகாத ஒரு வருஷத்தில். நம்ம ஊர்க்காரர்கள் வருகை இதைவிடப் பல மடங்கு.

உள்ளாட்சிக்கு வரும் வருமானத்தில் சொத்து வரி, கடை வாடகை, கட்டணங்கள் ஒரு பகுதி. மத்திய, மாநில நிதிக்குழு மானியம் இன்னொரு பகுதி. மானியத்தைப் பிரிப்பதில் மக்கள்தொகை முக்கியமான அளவுகோல். அந்தக் கணக்கில் மாமல்லபுரத்தில் தூங்கி எழுகிறவர்தான் வருவார். காலையில் வந்து சாயங்காலம் திரும்புகிற நீங்களும் நானும் வர மாட்டோம். நம்ம குப்பை மட்டும் வரும்.

பல ஆண்டுகள் பேரூராட்சியாக இருந்த மாமல்லபுரம் இப்போது நகராட்சி. தரம் உயர்ந்தால் பணியிடங்களும் நிதியும் கூடலாம். ஆனால், வந்து போகிறவர்களையும் கணக்கில் எடுத்துத் திட்டமிடாவிட்டால், போர்டு மட்டும்தான் மாறியிருக்கும்.

இத்தாலியின் வெனிஸ் நகரம் இதே சிக்கலைத்தான் சந்தித்தது. 2024 ஏப்ரல் 25-ல் இருந்து, குறிப்பிட்ட நாள்களில் ஒருநாள் பயணமாக வருபவர்களிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்க ஆரம்பித்தது. அது நகர நிர்வாகமே வசூலிக்கும் பணம். நாமும் அதைக் காப்பியடிக்கணும்னு இல்லை. ஆனா, இங்கே சுற்றுலா வாகனங்களிடம் கட்டணம் வாங்கும் வழக்கம் ஏற்கெனவே உண்டு. அந்தப் பணத்தில் எவ்வளவு துப்புரவுக்குச் செலவாகுதுன்னு ஊருக்குத் தெரியுற மாதிரி எழுதி வெச்சா, கட்டுறவங்களும் முகம் சுளிக்க மாட்டாங்க.

சட்டம் என்ன சொல்லுது?

சுத்தம் செய்வது உள்ளாட்சி போனால் போகுதுன்னு செய்கிற உதவி இல்லை. 1993-ல் நடைமுறைக்கு வந்த 74-வது அரசியலமைப்புத் திருத்தம், பொதுச் சுகாதாரத்தையும் திடக்கழிவு மேலாண்மையையும் நகர உள்ளாட்சிகளின் பணிப் பட்டியலில் வைத்தது. 2016-ன் திடக்கழிவு மேலாண்மை விதிகள் அதை வேலைப் பட்டியலாகவே எழுதின: வீடு வீடாகச் சேகரிப்பு, காய்கறி, பழம், இறைச்சிச் சந்தைகளில் தினமும் அள்ளுவது, குப்பையைத் தரம் பிரிக்க இடம், விதி மீறினால் அபராதம்.

2026 ஏப்ரல் முதல் இதன் இடத்தில் புதிய விதிகள். இனி ஈரக் கழிவு, உலர் கழிவு, சானிட்டரி கழிவு, மருந்து, பெயின்ட் போன்ற சிறப்புக் கவனம் தேவைப்படும் கழிவு என நான்காகப் பிரிக்கணும். ஒரு நாளைக்கு 100 கிலோவும் அதுக்கு மேலயும் குப்பை சேரும் ரிசார்ட், ஹோட்டல்கள் 'பெருமளவு கழிவு உருவாக்குபவர்கள்'. முழுச் சுமையையும் நகராட்சி வண்டியில் ஏத்திட்டு அவங்க ஒதுங்க முடியாது.

“எங்ககிட்ட நிதி இல்லையே” என்கிற பதிலை நீங்க கேட்டிருப்பீங்க. அதுக்கு உச்ச நீதிமன்றம் 1980-லேயே பதில் சொல்லிடுச்சு. மத்தியப் பிரதேசத்தின் ரத்லம் நகரில் திறந்த சாக்கடை நாற்றம் தாங்காமல் மக்கள் மாஜிஸ்திரேட்டிடம் போனார்கள். சுத்தம் செய்யச் சொல்லி உத்தரவு வந்தது. “பணம் இல்லை” என்று நகராட்சி உச்ச நீதிமன்றம் வரை போனது. நீதிபதி கிருஷ்ணய்யர் அதை ஏற்கவில்லை. நிதி நெருக்கடியைக் காரணம் காட்டி அடிப்படைக் கடமையில் இருந்து நகராட்சி நழுவ முடியாது என்பதுதான் தீர்ப்பின் சாரம். அந்த மக்கள் பயன்படுத்திய பொதுத் தொல்லை நீக்கும் சட்டப்பிரிவு, இன்றைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 152-வது பிரிவாக உயிரோடுதான் இருக்கு.

அந்த கப் உங்க கைக்கு வந்ததே தப்பு!

இன்னொரு ட்விஸ்ட். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை. அந்தப் பட்டியலில் பிளாஸ்டிக் பூச்சு பூசிய பேப்பர் கப்பும் உண்டு. நாம 'பேப்பர்தானே'ன்னு நினைக்கிற பல டீ கப்புகளுக்கு உள்ளே அந்தப் பூச்சு இருக்கு. அப்படிப்பட்ட கப்பா இருந்தா, அது உங்க கைக்கு வந்ததே விதிமீறல்.

இதில் அபராத ரசீது முதலில் கிழியுறது தள்ளுவண்டி அக்காவுக்குத்தான். ஏன்னா, அவங்க ரோட்டுல நிக்கிறாங்க, கண்ணுக்குத் தெரியுறாங்க. அந்த கப்பைத் தயாரிச்ச ஆலையும், லோடு லோடா வெச்சிருக்கிற குடோனும் கண்ணுக்குத் தெரியுறதில்லை. அங்கே மாசு கட்டுப்பாட்டு வாரியமும் உள்ளாட்சியும் சேர்ந்து போகாத வரை, கடைவீதியில் நடக்கும் ரெய்டு போட்டோவுக்குத்தான் உதவும்.

ஏரி வரைக்கும் போகும் பாதை

‘இது டூரிஸ்ட் ஊர் பிரச்னை’ன்னு செங்கல்பட்டுக்காரங்க நிம்மதி ஆக வேண்டாம். 2019 நவம்பர் 29-ல் தனி மாவட்டம் ஆன பிறகு, செங்கல்பட்டுக்கு ஆபீஸ், கோர்ட், ஆஸ்பத்திரி என்று தினமும் வந்து போகிற கூட்டம் கூடிடுச்சு. சென்னையில் இருந்து ரயிலில் வரும்போது ஸ்டேஷனுக்குக் கொஞ்சம் முன்னாடி ஜன்னலில் விரியுமே, கொளவாய் ஏரி. ஊரின் கழிவுநீர் அதில் கலக்குதுன்னு மக்கள் பல வருஷமா புகார் சொல்றாங்க. கடைவீதியில் அள்ளாத குப்பை கால்வாயில் விழும். கால்வாய் அடைக்கும். அடுத்த மழையில் எல்லாம் சேர்ந்து ஏரிக்குப் போகும். காலையில் பெருக்குற அரை மணி நேர வேலையை விட்டுட்டு, பிறகு ஏரியைத் தூர்வாரக் கோடிக்கணக்கில் தேடுவோம்.

அதே மாவட்டத்தில் கோவளம் கடற்கரை 2021-ல் 'நீலக் கொடி' சான்றிதழ் வாங்கியது. நீரின் தரம், பாதுகாப்பு, கழிப்பறை, குப்பை நிர்வாகம் என 33 அளவுகோல்கள். இதில் முக்கியமானது என்னன்னா, அந்தக் கொடி நிரந்தரம் இல்லை. திரும்பத் திரும்ப நிரூபிச்சாதான் கையில் நிற்கும். ஒரு சின்ன எல்லை, அதுக்கு யார் பொறுப்புன்னு ஒரு பெயர், அடிக்கடி சோதனை. இந்த மூணும் சேர்ந்ததால் கிடைச்ச பலன் அது. மாமல்லபுரம் கடைவீதிக்கு இதே மூணும் தேவை.

குனிந்து எடுக்கிற கை

கப்பை கடைசியில் எடுப்பது ஒரு தூய்மைப் பணியாளரின் கை. அந்தக் கைக்கு கையுறை, காலுக்குச் சரியான காலணி, மழைக்கோட்டு, முகக்கவசம் தர வேண்டும் என்று 2016 விதிகளே சொன்னன. அடுத்த தடவை போகும்போது கவனிச்சுப் பாருங்க, எத்தனை பேர் கையில் உறை இருக்குன்னு.

2025 ஆகஸ்ட்டில் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் நாள்கணக்கில் உட்கார்ந்ததை ரீல்ஸில் பார்த்திருப்பீங்க. ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் பணி தனியாரிடம் போனதை எதிர்த்த போராட்டம் அது. 13-ம் தேதி நள்ளிரவில் அவர்கள் அப்புறப்படுத்தப்பட்டார்கள். வேலையை ஒப்பந்தத்துக்கு விடலாமா, கூடாதா என்பது பெரிய விவாதம். ஆனால் ஒன்று மட்டும் நிச்சயம்: வேலையைத்தான் ஒப்பந்தத்துக்கு விட முடியும், பொறுப்பை விட முடியாது. “அது கான்ட்ராக்டர் சமாசாரம்” என்று எந்த நகராட்சியும் சொல்லிவிட்டு ஒதுங்க முடியாது.

சரி, நாம என்ன செய்யலாம்?

* போட்டோ எடுங்க, ஆனா ஸ்டேட்டஸோட நிறுத்தாதீங்க. ஸ்வச்சதா செயலியில் இடத்தோடு பதிவு பண்ணுங்க. முதல்வரின் உதவி எண் 1100-லும் சொல்லலாம். புகார் எண்ணை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க.

* 10 ரூபாய் கட்டி ஆர்.டி.ஐ. போடுங்க. 'வாகனக் கட்டணமா எவ்வளவு வந்தது, துப்புரவுக்கு எவ்வளவு செலவாச்சு, எத்தனை பணியாளர்கள், கையுறை எப்போ கொடுத்தீங்க?' 30 நாள்களுக்குள் பதில் தரணும்.

* நகரங்களிலும் கிராம சபை மாதிரி பகுதி சபைகள் உண்டு. 2022 நவம்பர் 1-ல் இவை கூடத் தொடங்கின. உங்க வார்டில் எப்போ கூடுதுன்னு கவுன்சிலரிடம் கேளுங்க. பத்து இளைஞர்கள் போய் உட்கார்ந்தாலே கூட்டத்தின் தொனி மாறும்.

* பீச்ல பர்த்டே, காலேஜ் கெட் டுகெதர் வைக்கிறீங்களா? 100 பேருக்கு மேல்னா மூணு வேலைநாள் முன்பே உள்ளாட்சிக்குச் சொல்லணும்னு 2016 விதிகளே சொன்னது. குப்பையைப் பிரிச்சுக் கொடுக்குறதும் ஏற்பாட்டாளர் வேலைதான்.

* பைக் பெட்டியில் ஒரு மஞ்சப்பை, ஒரு தண்ணி பாட்டில், ஒரு ஸ்டீல் டம்ளர். டம்ளரை நீட்டினா டீக்கடை அண்ணன் முதல்ல சிரிப்பார். ஆனா ஊத்திக் கொடுத்துடுவார்.

உள்ளாட்சி செய்ய வேண்டியதை நாம குனிஞ்சு பொறுக்கிச் செஞ்சு முடிச்சுட முடியாது. நாம செய்ய வேண்டியதை உள்ளாட்சி தலையில் கட்டிட்டும் போக முடியாது. கப்பைக் கையிலேயே வெச்சுக்கிட்டு, “தொட்டி எங்கேங்க?”ன்னு நகராட்சியைக் கேட்கிறவங்கதான் இந்த ஊருக்கு இப்போ தேவை. அடுத்த ஞாயிறு ஈ.சி.ஆர்ல கிளம்பும்போது, அந்தக் கேள்வியையும் கூடவே எடுத்துட்டுப் போங்க.