பனிமலை காணச் செல்லும் குடும்பங்களுக்கு

சங்கத்து அன்பர் ஒருவர் சென்ற திங்கள் நம்மைக் காண வந்திருந்தார். மூன்றாண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொண்டு, குளிர்கால விடுமுறையில் குடும்பத்தோடு பனிமலை கண்டு, பிள்ளைகளுக்குப் பனிச்சறுக்கும் பழக்கிவர வேண்டும் என்பது அவர் அவா. மகனுக்கு ஸ்விட்சர்லாந்து வேண்டும். மகளுக்கு ஜப்பானின் ஹொக்கைடோ வேண்டும். எழுபத்திரண்டு வயதுத் தாயாருக்கோ பனியை ஒருமுறை கையால் தொட்டுவிட்டால் போதும். "எவ்விடம் செல்லலாம், ஐயா?" என்றார். இக்கேள்வியோடு வந்தவர் இவர் மட்டும் அல்லர். ஆதலின் விடையை இங்கேயே எழுதுகிறோம்.

நம் தீவுகளில் மிக உயர்ந்தது டிக்லிப்பூரை அடுத்த சேடில் பீக், 732 மீட்டர். அங்கும் பச்சைக் காடேயன்றி வேறில்லை. எனவே பனியைப் பற்றி நமக்குள்ள அறிவெல்லாம் திரைப்படம் தந்ததுதான். திரைப்படத்தில் டிசம்பர் பிறந்ததும் பனி கொட்டும். மலைக்கு அந்த ஒழுங்கு தெரியாது.

வெளிநாட்டைப் பற்றி நீட்டிச் சொல்வதற்கில்லை. ஐவர்க்கு விமானக் கட்டணம், விசா, பயிற்சியாளர் கூலி என்று அன்பரின் சேமிப்பு பாதி வழியிலேயே கரைந்துவிடும். முதன்முதல் சறுக்கப் பழகும் பிள்ளைக்கு ஆல்ப்ஸும் ஒன்றே, இமயமும் ஒன்றே. விழுவது எங்கும் விழுவதுதான்.

உத்தராகண்டத்து அவ்லி பயில்வோர்க்கு நல்ல சரிவுகள் உடையது. 2011இல் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகள் அங்கு நடைபெற்றன. ஆயினும் 2023 ஜனவரியில் அடிவாரத்து ஜோஷிமட நகரில் நிலம் புதைந்து வீடுகள் வெடித்தன. அங்கிருந்து அவ்லிக்குச் சென்ற கம்பிவட ஊர்தியும் நிறுத்தப்பட்டது. டெராடூனில் இறங்கி நெடுந்தொலைவு மலைச்சாலையில் செல்ல முதியவர் உடல் தாங்காது. மணாலியை அடுத்த சோலாங், பனியில் விளையாடி மகிழ ஏற்றது. ஒரு வாரம் தங்கி முறையாகப் பழக நாம் அதைச் சொல்லோம்.

காஷ்மீரத்துக் குல்மார்க்கையே நாம் சொன்னோம். ஸ்ரீநகரிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர். சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் அகன்றதொரு புல்வெளி. 1927இலேயே பனிச்சறுக்குச் சங்கம் தோன்றிய இடம் அது. பயில்வோர்க்கான தாழ்சரிவுகள் விடுதிகளுக்கு அருகிலேயே உள்ளன. தாயார் விடுதி வாயிலில் நாற்காலியிட்டு அமர்ந்து, பேரப்பிள்ளைகள் உருண்டு விழுவதைக் கண்டு களிக்கலாம்; பனியைத் தொட எங்கும் ஏற வேண்டியதில்லை. இதுவே நம் தேர்வுக்கு முதற்காரணம். கம்பிவட ஊர்தியின் முதற்கட்டம் 3,000 மீட்டருக்குச் சற்று மேல் கொண்டுவிடும். இரண்டாங்கட்டம் 3,900 மீட்டரையும் கடக்கும். கடல்மட்டத்தில் வாழ்ந்த முதியவரை, சீட்டு வாங்கிவிட்டோம் என்பதற்காக அங்கே ஏற்றாதீர்கள். மூச்சுத் திணறுவதற்கு அவ்வுயரம் போதும்.

2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்டதை நேயர்கள் மறந்திரார். அன்பரின் மனைவியும் முதலில் அதைத்தான் கேட்டார். கேட்க வேண்டிய கேள்வியே. சீட்டு எடுக்குமுன் அரசின் அறிவிப்புகளைப் பார்த்து, அப்போதைய நிலையை அறிந்தே முடிவு செய்க.

இனிக் காலம். டிசம்பர் 21 முதல் நாற்பது நாளைக் காஷ்மீரத்தார் சில்லை கலான் என்பர். கடுங்குளிரின் காலம் அது. குளிர் இருந்தும் பனி இல்லாமற் போவதுண்டு. 2024 ஜனவரியில் பெரும்பகுதி குல்மார்க் வறண்டே கிடந்தது. 2025இல், பிப்ரவரி 22 அன்று தொடங்கவிருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளே பனி போதாமையால் ஒத்திவைக்கப்பட்டு மார்ச்சில் நடந்தன. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கென்று முன்பணம் கட்டுவோர் பழுப்புப் புல்லின்மேல் குதிரைச் சவாரி செய்து திரும்ப நேரலாம். ஜனவரி இறுதி முதல் பிப்ரவரி முடியும் வரை செல்வதே பெரும்பாலும் நம்பத்தக்கது.

இங்குதான் அன்பர் முகம் வாடிற்று. மகள் பத்தாம் வகுப்பு. பிப்ரவரி நடுவில் பொதுத்தேர்வு தொடங்கும். தேர்வு முடிந்து மார்ச்சு பிற்பாதியில் சென்றால், பனி மேற்கட்டத்தில் நிற்கும். தாழ்வெளியில் உருகத் தொடங்கும். தாயார் தொடும் பனி எங்கே? "அடுத்த ஆண்டு செல்லுங்கள்" என்றோம். "அம்மாவுக்கு அடுத்த ஆண்டு எழுபத்து மூன்று, ஐயா" என்றார். அதற்கு நம்மிடம் விடை இல்லை. ஆயினும் சொன்னதை மாற்றவும் இல்லை.

செல்வோர்க்குச் சில சொற்கள். நம் ஊரில் ஆறு மணியளவில் புலர்ந்துவிடும் பொழுது, அங்கு ஜனவரியில் ஏழரை ஆகும். பிள்ளைகள் இருட்டில் விழித்துப் பசிக்கிறது என்பர், கையில் ஏதேனும் வைத்திருங்கள். சறுக்குப் பலகையும் பூட்சும் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். அபர்தீன் கடைவீதியில் கம்பளிக்கு அலைய வேண்டா. டில்லியிலோ ஸ்ரீநகரிலோ வாங்கலாம். கையுறை மட்டும் ஆளுக்கு இரண்டு இணை வேண்டும். ஒன்று நனைந்தே தீரும். ஜனவரியில் டில்லியை மூடுபனி மறைக்கும். ஸ்ரீநகரில் பனி பொழிந்தால் விமானம் எழாது. திரும்பும் வழியில் சென்னையில் கப்பலேற எண்ணுவோர் நடுவில் மூன்று நாளேனும் விட்டுவைக்க வேண்டும். ஒரு கப்பலைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது என்று இத்தீவுவாசிகளுக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை.

அன்பர் நேற்று மீண்டும் வந்தார். தாயாரை இதய மருத்துவரிடம் காட்ட நாள் குறித்திருக்கிறாராம். பயணச்சீட்டு இன்னும் எடுக்கவில்லை.