மோட்டார் வாகனமும் மனித அந்தரங்கமும்

1966ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், ஐக்கிய அமெரிக்கச் செனற் சபையின் உபகுழு ஒன்றின் முன்னிலையில் ஜெனரல் மோட்டர்ஸ் கம்பனியின் தலைவர் ஜேம்ஸ் ரோச் பகிரங்கமாக மன்னிப்புக் கோரினார். மோட்டார் வாகனங்களின் ஆபத்தான அமைப்பைக் கண்டித்து 1965இல் நூலெழுதிய றால்ஃப் நேடர் என்னும் இளம் சட்டத்தரணியைப் பின்தொடர்ந்து வேவுபார்க்க அக்கம்பனி தனியார் துப்பறிவாளரை அமர்த்தியிருந்தமையே அதற்குக் காரணமாகும். நேடர் தொடுத்த வழக்கு 1970இல் 425,000 டொலர் கொடுத்துச் சமரசமாக முடிக்கப்பட்டது. ஒரு மனிதனின் அந்தரங்கத்துள் நுழைந்தமைக்காக அன்று மாபெரும் நிறுவனமொன்று தலைகுனிய வேண்டியிருந்தது.

இன்று துப்பறிவாளர் தேவையில்லை. அத்தொழிலை வாகனமே செய்கின்றது. அதற்கான கூலியை வேவுபார்க்கப்படுபவனே வாகனத்தின் விலையோடு சேர்த்துச் செலுத்துகின்றான். அதே ஜெனரல் மோட்டர்ஸ், மூன்று விநாடிக்கு ஒருமுறை என்னுமளவிற்கு வாகனங்களின் இருப்பிடத்தையும், திடீர் பிரேக், மிகைவேகம், இரவுப் பயணம் முதலிய விபரங்களையும் திரட்டி, சாரதிகளின் முறையான சம்மதமின்றி விற்றதென அமெரிக்க சமஷ்டி வர்த்தக ஆணைக்குழு 2025 ஜனவரியில் குற்றஞ்சாட்டியது. அவ்விபரங்கள் காப்புறுதிக் கட்டணத்தை நிர்ணயிக்கப் பயன்பட்டன என்பதும் அக்குற்றச்சாட்டின் ஒரு பகுதியாகும்.

உரிமையாளர் நிபந்தனைகளை ஏற்றே வாகனத்தை வாங்குகின்றார் என்பது உற்பத்தியாளர் தரப்பினர் கூறும் முதலாவது சமாதானம். தெரிவு உள்ள இடத்திலேயே சம்மதத்திற்குப் பொருளுண்டு. மொசில்லா நிறுவகம் 2023இல் ஆராய்ந்த 25 வாகன வகைகளுள் ஒன்றேனும் அதன் அந்தரங்கப் பாதுகாப்பு அளவுகோலில் தேறவில்லை. எல்லாக் கடைகளிலும் ஒரே கலப்படம் விற்கப்படுமாயின், வாங்கியவன் கலப்படத்திற்குச் சம்மதித்தான் எனல் நகைப்பிற்கிடமானது. அன்றியும், வாகனத்தில் ஏறிய விருந்தினரும் அதன் கமராவிற்கு அகப்பட்ட பாதசாரியும் எந்தப் பத்திரத்தில் ஒப்பமிட்டனர்?

திரட்டிய தரவு பத்திரமாக உள்ளது என்பது இரண்டாவது சமாதானம். வொக்ஸ்வாகன் குழுமத்தின் ஏறத்தாழ 8 இலட்சம் மின்வாகனங்கள் பற்றிய தரவு இணையத்தில் காப்பின்றிக் கிடந்தமை 2024 டிசம்பரில் வெளியாயிற்று. 2015இல், நெடுஞ்சாலையில் பத்திரிகையாளர் ஒருவர் ஓட்டிச்சென்ற ஜீப் செரோக்கி வாகனத்தின் இயக்கத்தை, ஆய்வாளர் இருவர் தொலைவில் வீட்டிலிருந்தவாறே தொலைபேசி வலையமைப்பினூடாகத் தடுத்துக் காட்டினர். அதன்பின் 14 இலட்சம் வாகனங்கள் திருத்தத்திற்காக மீள அழைக்கப்பட்டன. களஞ்சியம் பெருகப் பெருகக் கள்வனுக்கு ஆசையும் பெருகும். வாசல்கள் பெருகப் பெருக அவனுக்கு வழியும் பெருகும்.

இத்தகைய கருவிகள் வாகனத்தின் நம்பகத்தன்மையை உயர்த்தின எனலும் முழு உண்மையன்று. 2021இல் டெஸ்லா கம்பனி சுமார் 135,000 வாகனங்களை மீள அழைத்தது. குறிப்பிட்ட தடவைகளே எழுதி அழிக்கத்தக்க சிறு நினைவகச் சில்லு தேய்ந்துபோக, திரை இருண்டது. அதனோடு பின்புறக் காட்சியும் கண்ணாடிப் பனிநீக்கியின் கட்டுப்பாடும் அற்றுப்போயின. இரும்பும் இயந்திரமும் திடமாயிருக்க, விரல்நுனியளவான சில்லொன்று வாகனத்தை ஊனமாக்கியது.

இலத்திரனியல் கருவிகள் உயிர்காப்பன என்பதை எவரும் மறுப்பதற்கில்லை. ஆயின் உயிர்காக்க வேவு வேண்டுமோ என்பதே வினா. 2018 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிய வாகன மாதிரிகளுக்குக் கட்டாயமாக்கப்பட்ட அவசர அழைப்புக் கருவி, விபத்து நேரும்வரை உறங்கிக்கிடக்கின்றது. நேர்ந்ததும் இடத்தை அறிவித்து உதவி கோருகின்றது. வாகனத்தைத் தொடர்ச்சியாகப் பின்தொடரலாகாதெனச் சட்டமே விதித்துள்ளது. பாதுகாப்பும் அந்தரங்கமும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. பகையாயிருப்பது இலாபவேட்கையே.

ஆசனப் பட்டி கம்பனிகளின் கருணையால் எல்லா வாகனங்களுக்கும் வந்ததன்று. நேடர் போன்றோரின் போராட்டமும் 1966இன் வாகனப் பாதுகாப்புச் சட்டமுமே அதனைக் கட்டாயமாக்கின. இன்றும் வழி அதுவே. வாகனத்தின் இயக்கத்திற்கு இன்றியமையாதது தவிர எதனையும் திரட்டலாகாது. மறுப்பவரின் வாகனத்தை முடமாக்கலாகாது. மென்பொருட் பழுதிற்கு உற்பத்தியாளரே பொறுப்பேற்றல் வேண்டும். இவற்றை வாங்குபவரின் தனிப்பட்ட விழிப்புணர்விற்கு விட்டுவிடுவது, ஆசனப் பட்டியை அவரவரே தைத்துக்கொள்க எனக் கூறுவதற்கு ஒப்பாகும்.