அந்தச் சீலையை வெட்டுங்கள்

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு சூட்கேஸ் இருக்கும். அம்மாவின் கட்டிலுக்குக் கீழேயோ பேஸ்மென்ட் அலுமாரியிலோ கிடக்கும். திறந்தால் பூச்சி உருண்டை மணம். உள்ளே யாரும் கட்டாத சீலைகள். ஒவ்வொரு முறை வீடு மாறும்போதும் "இருக்கட்டும், பிறகு பார்ப்பம்" என்று அதையும் தூக்கிக்கொண்டு போவோம்.

அவற்றில் ஒன்றையாவது வெளியே எடுத்து, அம்மாவிடம் கேட்டு, வெட்டுங்கள் என்பதுதான் என் கருத்து.

நான் தையல்காரன் இல்லை. ஐடி கன்சல்டன்ட். பொறியியலில் மாஸ்டர்ஸ் முடித்தவன், ஆனால் போன வருடம் வரை ஊசியில் நூல் கோக்கத் தெரியாது. ஸ்காபரோவில் நான் வாடகைக்கு இருக்கும் அபார்ட்மென்டில் யன்னல் மிகவும் மொட்டையாக இருந்தது. பிளைண்டின் மேல்பக்கத்தை மறைக்க ஒரு வேலன்ஸ் போட நினைத்தேன். வேலன்ஸ் என்றால் யன்னலின் மேல் பகுதியில் மட்டும் தொங்கும் குட்டைத் திரை. கடையில் பார்த்த எல்லாமே ஹோட்டல் அறையை நினைவுபடுத்தின. அப்போதுதான் அம்மாவின் சூட்கேஸ் ஞாபகம் வந்தது.

அம்மாவிடம் கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அதற்கு ஒரு காரணம் உண்டு. எனக்குப் 11 வயதாக இருந்தபோது எங்கள் வீட்டு யன்னல்களில் தொங்கியவை அம்மா பழைய சீலையில் தைத்த திரைகள்தான். அம்மா கனடா வந்த புதிதில் ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை செய்தவர். ஒருநாள் வீட்டுக்கு வந்த வகுப்புத் தோழன், உங்கள் யன்னல் ஏன் உடுப்புப் போட்டிருக்கிறது என்று கேட்டுச் சிரித்தான். அன்றிரவே அதைக் கழற்றச் சொல்லி அம்மாவிடம் அடம்பிடித்தேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கிழமை வெள்ளை பிளாஸ்டிக் பிளைண்ட் வந்தது. திரைகள் போன இடம் அந்தச் சூட்கேஸ்.

இருபது வருடத்துக்கு மேல் கழித்து, "அம்மா, ஒரு சீலை தருவீங்களா? யன்னலுக்குத் தைக்க" என்று போனில் கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "நூல் சீலையோ, பட்டோ?" என்றார்.

சனிக்கிழமை அம்மா தன் தையல் மெசினோடு வந்தார். நான் எக்செல்லில் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். கண்ணாடியின் அகலம் 42 அங்குலம். சுருக்கு அழகாக விழ இரண்டு மடங்கு துணி வேண்டும். ஆகவே 84. கத்தரிக்கோலை எடுத்தேன்.

"பொறு தம்பி. நீ அளந்தது கண்ணாடியை. துணி தொங்கப்போறது கம்பியில."

கம்பி சட்டத்துக்கு வெளியே இரண்டு பக்கமும் நீள்வதால் 48 அங்குலம். அது சுவரிலிருந்து 3 அங்குலம் முன்னே நிற்கும். அந்தப் பக்கங்களையும் துணி மூட வேண்டும். ஆக 54, இரண்டு மடங்கு 108. ஓரம் மடிக்க இன்னும் 2. மொத்தம் 110. என் கணக்கில் 26 அங்குலம் குறைவு. தேவையைச் சரியாகக் கேட்காமல் வேலையைத் தொடங்கும் கன்சல்டன்டுகளைப் பற்றி ஆபீசில் நானே நக்கலடிப்பேன்.

சீலையின் கரையைக் கீழே வருகிற மாதிரி வைத்தோம். அது அவிழாது, அதனால் கீழ் ஓரம் மடிக்கவே தேவையில்லை. மேலே கம்பி நுழைய ஒரு குழாய் மாதிரித் தைத்தோம். சீலை ஐந்தரை மீட்டர், ஏறக்குறைய 216 அங்குலம். வெட்டிய பிறகும் தலைப்போடு பாதிக்குக் கிட்ட மிஞ்சியது.

நூலோடுதல், மூட்டுதல், சுருக்குப் பிடித்தல் என்று தமிழ்ப் பள்ளியில் நான் கேட்காத சொற்கள் வந்தன. கூடவே கதையும் வந்தது. தொழிற்சாலையில் அம்மா தைத்தது கொலர் மட்டும்தானாம். எண்ணிக்கைக்குத்தான் சம்பளம். முழுச் சட்டை ஒன்றைக்கூட அங்கே தைத்ததில்லை. "வீட்டுத் திரைதான் நான் இங்க வந்து முழுசாத் தைச்ச முதல் சாமான்" என்றார், மெசினிலிருந்து தலையை நிமிர்த்தாமல்.

நான் கழற்றச் சொன்னது அதைத்தான்.

"உங்கட கதையைச் சொல்லுங்கோ" என்று பல தடவை ரெக்கோடரை நீட்டியிருக்கிறேன். "என்ன கதை, எல்லாரையும் போலத்தான்" என்பதோடு முடிந்துவிடும். கை வேலையில் இருக்கும்போதுதான் அம்மாவுக்கு வாய் திறக்கிறது. உங்கள் அம்மாவும் அப்படித்தான் இருக்கக்கூடும்.

சிலர் சொல்வார்கள், சீலையை வெட்டுவது அவமரியாதை என்று. கூறைச் சீலையை வெட்டச் சொல்லவில்லை. பட்டும் வேண்டாம், வெயில் பட்டால் சாயம் போய் இழை நைந்துவிடும். நூல் சீலைதான் நல்லது, அதையும் முதலில் தோய்த்துச் சுருங்க விட்டு, பின்பக்கம் லைனிங் வைத்துத் தையுங்கள். ஆனால் மடிப்பு மடிப்பாகக் கிழிந்துபோகும் வரை இருட்டில் பூட்டி வைப்பது என்ன மரியாதை?

நேரமில்லை என்பீர்கள். எனக்கு இரண்டு சனிக்கிழமை போனது. என் மணித்தியாலக் கூலியில் கணக்குப் பார்த்தால் கடையில் வாங்கியதுதான் லாபம். ஆனால் அந்தக் கணக்கும் கண்ணாடியை மட்டும் அளந்த கணக்கு.

தைத்து முடித்தாலும் பூட்டுவது இன்னொரு வேலை. இங்கே பல வீடுகளில் சுவர் வெறும் டிரைவோல். பின்னால் மரம் இல்லாத இடத்தில் ஆங்கர் போடாமல் ஆணியை முறுக்கினேன். இரவு 2 மணிக்குக் கம்பி விழுந்தது. ஆங்கர் போட்ட பிறகு அசையவில்லை. வாடகை வீடென்றால் துளைக்க முதல் சொந்தக்காரரிடம் கேளுங்கள். விடாவிட்டால், சட்டத்துக்குள்ளேயே இறுகி நிற்கும் ஸ்பிரிங் கம்பி இருக்கிறது. அடுப்புக்குப் பக்கத்து யன்னலில் மட்டும் போடாதீர்கள்.

என் வேலன்ஸின் இடது பக்கம் சுருக்கு கொஞ்சம் கோணல். அம்மா பார்த்துவிட்டு, "அவிழ்த்துத் தைப்பமோ?" என்றார். வேண்டாம் என்றேன். மற்ற யன்னலுக்கும் ஒன்று வேண்டும், வாற சனிக்கிழமை வருவீங்களா என்று கேட்டேன்.

இந்த முறை அளவு எடுத்தது அம்மா.