ஆயரைத் தேர்வது யார்?

கத்தோலிக்க மறைமாவட்டங்களின் வரலாறு என்ற பெயரில் நம்மிடையே வெளிவரும் நூல்களும் நூற்றாண்டு மலர்களும் பெரும்பாலும் ஆயர்களின் பெயர்ப்பட்டியல்களே. யார் எந்த ஆண்டு பொறுப்பேற்றார், எந்தக் கோயிலை எழுப்பினார் என்பதெல்லாம் அவற்றில் உண்டு. அவரை அவ்விருக்கையில் அமர்த்தியது யார், எவ்வாறு என்ற கேள்வி மட்டும் இராது. கேட்டால், 'அது திருச்சபையின் மரபு' என்று ஒரு வரியில் முடித்துவிடுவர்.

எந்த மரபு? மூன்றாம் நூற்றாண்டில் கார்த்தேஜின் ஆயர் சிப்பிரியான், மக்கள் முன்னிலையில்தான் ஆயர் தெரிவு நிகழ வேண்டும் என்று வலியுறுத்தினார். 374இல் மிலான் நகர மக்கள் அம்புரோசைக் குரலெழுப்பி ஆயராக்கியபோது அவர் திருமுழுக்குக்கூடப் பெற்றிருக்கவில்லை. ஆயர்களைத் தம் விருப்பப்படி நியமிப்பவர் திருத்தந்தையே என்பது உலகத் திருச்சபைக்கான சட்டத்தொகுப்பில் எழுதப்பட்டது 1917இல்தான்.

மயிலாப்பூரையே பார்ப்போம். 1606இல் உருவான சாந்தோம் மறைமாவட்டத்துக்கு ஆயரை முன்மொழியும் உரிமை, பதுரவாதோ என்ற புரவலர் முறைப்படி, போர்த்துகல் முடியிடம் இருந்தது. 1910இல் அங்கே முடியாட்சி வீழ்ந்தது, உரிமை வீழவில்லை. 1928ஆம் ஆண்டு ஒப்பந்தம் அதைக் குடியரசுத் தலைவரிடம் சேர்த்தது. போர்த்துகல் அதைக் கைவிட்டது 1950இல். அதாவது, இந்தியா விடுதலை பெற்று மூன்றாண்டுகள் ஆன பின்னரும், சாந்தோம் கடற்கரையில் வலை இழுத்த கிறித்தவனுக்கு இல்லாத குரல் லிஸ்பனில் இருந்த ஓர் அரசியல்வாதிக்கு இருந்தது. இதுவும் 'மரபு'தான்.

இன்றைய நிலை என்ன? 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டப்படி, ஒரு மாநிலத்து ஆயர்கள் மூன்றாண்டுக்கு ஒருமுறையேனும் கூடித் தகுதியான குருக்களின் பட்டியலை மறைவாகத் தயாரிக்கின்றனர். இடம் காலியானதும் திருத்தந்தையின் தூதர் விசாரித்து மூன்று பெயர்களை உரோமைக்கு அனுப்புகிறார். தேவையெனக் கருதினால் பொதுநிலையினரிடமும் கருத்துக் கேட்கலாம். அதுவும் தனித்தனியாக, இரகசியமாக.

இது மாற்றவொண்ணாத விதியா என்றால், அதுவும் இல்லை. சுவிட்சர்லாந்தின் பாசெல் மறைமாவட்டத்தில் பேராலயக் குருக்கள் குழுவே ஆயரைத் தேர்கிறது. ஸ்திராஸ்பூர், மெத்சு ஆயர்களின் நியமனத்தில் பிரான்சின் குடியரசுத் தலைவர் இன்றும் கையொப்பமிடுகிறார். ஆயர் நியமனம் குறித்துச் சீன அரசுடன் 2018இல் செய்த உடன்பாட்டை வத்திக்கான் 2024இல் மேலும் நான்காண்டுகளுக்கு நீட்டித்தது. கடவுளை மறுக்கும் ஓர் அரசோடு பேசித் தீர்க்கக்கூடிய ஒன்றைச் சொந்த விசுவாசிகளோடு பேசக்கூடாது என்பதற்கு எந்த இறையியலில் இடமுண்டு?

தமிழகத்தில் இந்த இரகசியத்தின் விலை அதிகம். இங்குள்ள கத்தோலிக்கரில் பெரும்பகுதியினர் தலித்துகள். ஆயர்களின் வரிசையில் அந்த விகிதத்தைக் காண முடியாது. 2003இல் தமிழக ஆயர்களிடமே திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் சாதிப் பாகுபாட்டைக் கண்டித்துப் பேசினார். 2022இல் புதுச்சேரி–கடலூர் உயர்மறைமாவட்டத்துக்குப் பேராயர் நியமிக்கப்பட்டபோது தலித் கிறித்தவ அமைப்புகள் வீதிக்கு வந்தன. அதே ஆண்டு ஐதராபாத்தின் அந்தோணி பூலா முதல் தலித் கர்தினாலானார். மகிழ்ச்சியே. ஆனால் ஒரு நல்ல நியமனம் ஒரு நல்ல முறைமை ஆகிவிடாது.

'மக்களிடம் விட்டால் சாதிச் சண்டை ஆகிவிடும்' என்பார்கள். அந்த அச்சம் பொய்யன்று. ஆனால் இப்போது மட்டும் சாதி எங்கே போயிருக்கிறது? வெளியே பேசப்பட்டால் வாதிட்டு மறுக்கலாம். மூடிய கடித உறைக்குள் இருப்பதை யார் மறுப்பது? நான் கோருவது வாக்குப்பெட்டியை அன்று. எந்தத் தகுதிகளை வைத்துப் பெயர்கள் பரிந்துரைக்கப்படுகின்றன என்பது அறிவிக்கப்படட்டும். மறைமாவட்டப் பேரவைகளின் கருத்து கேட்கப்படட்டும், அது தூதரின் விருப்பத்துக்கு விடப்படாமல் கடமையாக்கப்படட்டும்.

பொதுநிலையினரும் இறைமக்களே என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் சொல்லி அறுபது ஆண்டுகள் ஆகின்றன. ஆயரை வரவேற்கத் தோரணம் கட்டவும் காணிக்கை செலுத்தவும் தகுதி பெற்றவர்கள், அவர் எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும் என்று சொல்ல மட்டும் எப்படித் தகுதியற்றுப் போனார்கள்? அடுத்த நூற்றாண்டு மலரைத் தொகுப்பவர்களேனும் இக்கேள்விக்கு ஒரு பக்கம் ஒதுக்கட்டும்.